பெரிய பல்கலைக்கழகத்தில் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள்: குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து எங்கள் ஊர் வாசகசாலைத் திண்ணையில் இடம் இருக்காது. கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மார்க் ஷீட், பக்கத்தில் அம்மாவோ சித்தப்பாவோ. நான் திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டியில் உள்ள பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்து முடித்தவன். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு வருஷாவருஷம் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் ஒரு அம்மா கேட்டார்: "மக்களே, இந்த அண்ணா யூனிவர்சிட்டியும் நம்ம கோணத்துல இருக்கதும் ஒண்ணுதானா?" கோணம் நாகர்கோவில் பக்கத்து ஊர், அங்கே அண்ணா பல்கலைக்கழகப் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்கலாம்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் இரண்டு நாள் வராவிட்டால் டீச்சர் வீட்டுக்குப் போன் போடுவார். பல்கலைக்கழகத்தில் அது நடக்காது. கட்டணத்துக்குக் கடைசி நாள் போனாலும், விடுதிப் படிவம் வாங்க மறந்தாலும், உதவித்தொகைப் பட்டியலில் பெயர் விட்டுப்போனாலும் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள் என்றால் அவர்கள் கணக்கில் உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைச் சமாளிப்பது பற்றித்தான்.

எது பல்கலைக்கழகம், எது கல்லூரி

ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் மூன்று விதமான இடங்கள் இருக்கும். ஒன்று, பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகம். இரண்டாவது, பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரி. மூன்றாவது, வேறு யாரோ நடத்த, பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் இணைப்புக் கல்லூரி.

அண்ணா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் தொடங்கியது. சென்னையில் அதன் சொந்த வளாகம் என்றால் கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஆகிய நான்கும்தான். கோணத்தில் இருப்பது உறுப்புக் கல்லூரி. தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை சாலையோரம் நாம் பார்க்கும் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் இணைப்புக் கல்லூரிகள். பட்டத்தில் வரும் பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கட்டணம், விடுதி, ஆய்வகம், வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் எதுவும் ஒன்றல்ல. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில்: "ஒரே குடும்பம்தான் அம்மா, வீடு வேற."

கலை, அறிவியல் பக்கம் வந்தால் நமக்குரியது மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். 1990இல் வந்தது. தலைமையிடம் திருநெல்வேலிக்கு மேற்கே, தென்காசி போகும் பக்கம் உள்ள அபிஷேகப்பட்டி. நாகர்கோவிலின் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி எல்லாம் இதனுடன் இணைந்தவை. உங்கள் மாமா பழைய பட்டதாரி என்றால் அவர் சான்றிதழில் மதுரைப் பல்கலைக்கழகம் என்று இருக்கும். அவரைவிட மூத்த தாத்தாக்களிடம் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகச் சான்றிதழ்கூடக் கிடைக்கலாம். கல்லூரி நகரவில்லை, எல்லைக்கோடும் நிர்வாகமும்தான் மாறிக்கொண்டே இருந்தன.

அபிஷேகப்பட்டி வளாகத்தில் நடப்பது பெரும்பாலும் முதுகலையும் ஆராய்ச்சியும். பிளஸ் டூ முடித்த கையோடு இளங்கலைக்காக நேரே அங்கே போய் நிற்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய பட்டப்படிப்பு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள இணைப்புக் கல்லூரியில் இருக்கும். இன்னொன்று, இந்தப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் நம் ராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. கடல், மீன், இறால் பற்றிப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் சென்னைக்கும் கொச்சிக்கும் தேடிக்கொண்டிருக்க, பக்கத்து ஊரில் அப்படியொரு இடம் இருப்பது பாதிப்பேருக்குத் தெரியவில்லை.

மத்தியப் பல்கலைக்கழகங்கள் வேறு வழி. திருவாரூரில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று. 2022 முதல் இவற்றுக்கு க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருந்தால் அதன் விண்ணப்பத் தேதி போய்விடும். ஆசை இருந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே, பொதுத்தேர்வுக்கு முன்னால் விண்ணப்ப அறிவிப்பைக் கவனியுங்கள்.

காகிதங்கள்: முதல் வேலை இதுதான், பெரிய வேலையும் இதுதான்

விண்ணப்பம் போடுவது அரைமணி நேர வேலை. அதற்கு வேண்டிய சான்றிதழ்களைச் சேர்ப்பதற்கு அரை மாதம் ஆகும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே தொடங்குங்கள்.

முதலில் பெயர். நம் மாவட்டத்தில் இது தனித் தொல்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். என் விஷயத்தில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். முதல் வருஷ உதவித்தொகை எட்டு மாதம் தாமதமாக வந்தது. அதற்காக ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை போனேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டார். அதனால் ஒன்று செய்யுங்கள்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறதோ, அதையே ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் கொண்டுவந்துவிடுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு, ஆதாரைத் திருத்துவது எளிது.

அடுத்து சாதிச் சான்றிதழ். பழைய கையெழுத்து அட்டை வைத்திருந்தால் இ-சேவை மூலம் க்யூஆர் குறியீடு உள்ள புதியதாக மாற்றிக்கொள்ளுங்கள். மாநிலப் பட்டியலில் சில சமூகங்களுக்கு எதிரே "கன்னியாகுமரி மாவட்டம்" என்று தனியாகக் குறிப்பு இருக்கும். ஒரே கடற்கரையில், ஒரே கோயிலுக்குப் போகும் இரண்டு குடும்பங்களின் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றும் வேறு வேறாக இருக்கலாம், எழுதியிருக்கும் சமூகப் பெயரைப் பொறுத்து. பட்டியலில் உள்ள பெயர் எழுத்துப் பிசகாமல் உங்கள் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் அதைத் திருத்த வேண்டிய இடம் உங்கள் தாலுகா அலுவலகம், கல்லூரி இல்லை.

வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும். போன வருஷம் அண்ணனுக்கு எடுத்ததை நீட்டினால் எடுக்கமாட்டார்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கிடைக்கும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள் எல்லாரையும் பார்ப்பார்கள். அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணம் கணிசமாகக் குறையும் என்பதால் தகுதி இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். விண்ணப்பித்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. அது விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), அப்புறம் தாலுகா என்று படிப்படியாக ஏறும். நான்கைந்து நாள் அசையாமல் கிடந்தால் எந்தப் படியில் நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்த்து, அங்கே நேரில் போய்ப் பணிவாகக் கேளுங்கள். ஜூன் மாதத்தில் விஏஓ மேஜையில் உங்களைப் போல் இருநூறு பேருடைய மனு இருக்கும்.

களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. எல்லை தாண்டிப் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ படித்தவர்கள் உங்களில் உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை இந்த மாநிலத்தில் படித்திருந்தால் கேள்வி இல்லை. வெளியே படித்திருந்தால் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். வேறு மாநில வாரியத்தில் படித்தவர்களிடம் பல்கலைக்கழகம் இடப்பெயர்வுச் சான்றிதழும் தகுதிச் சான்றிதழும் கேட்கும். பள்ளியில் டிசி வாங்கும் அன்றே இடப்பெயர்வுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றிலும் பத்து ஜெராக்ஸ் எடுங்கள். செல்போனில் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். டிசி கல்லூரிக்குப் போய்விடும், அது வழக்கம். மற்ற அசல்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லியிருக்கிறது. "இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கோங்க" என்று யாராவது சொன்னால் ஒரு ரசீதாவது எழுதி வாங்குங்கள்.

கலந்தாய்வு

பொறியியல் கட் ஆஃப் 200க்கு. கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணக்கு 92, இயற்பியல் 80, வேதியியல் 86 என்றால் 92, 40, 43, மொத்தம் 175. இதற்கு எந்த இணையதளக் கணிப்பானும் வேண்டாம். 2018 முதல் கலந்தாய்வு முழுக்க இணையத்தில்தான். சென்னைக்கு வண்டியேறிப் போன காலம் முடிந்தது. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு உதவி மையங்கள் இருக்கின்றன. செல்போன் திரையில் அவசரமாகத் தட்டுவதைவிட அங்கே போய் உட்கார்ந்து செய்வது நல்லது.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். இங்கேதான் நம் ஆட்கள் தவறு செய்கிறார்கள். "நமக்கு இது கிடைக்காது" என்று தாங்களே முடிவு செய்து, கிண்டியைப் போடாமல் விட்டுவிடுவார்கள். கிடைக்காததை மேலே போட்டால் கீழே உள்ளது பறிபோகும் என்றொரு பயம். அப்படி இல்லை. கணினி மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரும், முதலில் காலியாக இருப்பது உங்களுக்கு. ஆகவே ஆசையின் வரிசைதான் பட்டியலின் வரிசை. பெயரைப் பார்த்துப் போடாமல் கலந்தாய்வு எண்ணைப் பார்த்துப் போடுங்கள். கிண்டிக்கு எண் 1, எம்ஐடிக்கு 4. நம் மாவட்டத்தில் ஒரு புனிதரின் பெயரில் தொடங்கும் கல்லூரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் சில வாய்ப்புகள் காட்டும். ஒன்று, ஏற்றுச் சேர்கிறேன். இரண்டு, ஏற்கிறேன், ஆனால் மேலே உள்ளது கிடைத்தால் தாருங்கள். மூன்று, இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் போதும். நான்கு, அடுத்த சுற்றுக்குப் போகிறேன். ஐந்து, விலகுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு, கையில் ஒன்றை வைத்துக்கொண்டு மேலே பார்க்கலாம். மூன்றாவதைத் தொடும் முன் இரண்டு முறை யோசியுங்கள். மேல்புறம் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் அர்த்தம் புரியாமல் மூன்றாவதை அழுத்தினான். மேலே உள்ளதும் கிடைக்கவில்லை, கையில் இருந்ததும் போனது. எதையும் அழுத்தாமல் விட்டாலும் இடம் போகும். அந்த இரண்டு மூன்று நாளும் கல்யாணம், கோயில் கொடை என்று எங்கும் போகாதீர்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். இடையில் ஒரு வருஷம் தனியார் பள்ளியில் படித்திருந்தால் கிடைக்காது. தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். உதவிபெறும் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

பணம்

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து, அதே தொகை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. நம் மாவட்டத்தில் சபைகளும் மறைமாவட்டமும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைய, ஆகவே "நாங்க கவர்மெண்ட் ஸ்கூல் இல்லையே" என்று விட்டுவிடாமல் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பம் நீங்கள் சேர்ந்த கல்லூரி வழியாகத்தான். பள்ளியில் உங்களுக்குத் தந்த மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, கடைசியாக எதை இணைத்தீர்களோ அதில் விழும். "வரவில்லை" என்று அழுத ஒரு பெண்ணுக்கு ஐந்து மாதப் பணமும் மறந்துபோன பள்ளிக்காலக் கணக்கில் கிடந்தது.

கல்விக் கடன் பற்றிச் சுருக்கமாக: 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வங்கிக் கிளை மேலாளர் தட்டிக்கழித்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பலருக்கு மனசு மாறும்.

போய்வரலாமா, தங்கலாமா

திருநெல்வேலியில் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்பது. நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரி வழி. அங்கே வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, ஊருக்குள் வந்து, இன்னொரு பஸ் பிடித்து அபிஷேகப்பட்டி. நாகர்கோவில், தோவாளைக்காரர்கள் கஷ்டப்பட்டால் செய்துவிடலாம். மார்த்தாண்டத்திலிருந்தும் நித்திரவிளையிலிருந்தும் செய்ய முடியாது. நான் இரண்டு மாதம் செய்து பார்த்தேன். ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. காலையில் அம்மா நான்கு மணிக்கு எழுந்து சோறு கட்டுவார், நான் பத்து மணி வகுப்பில் தூங்குவேன். பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடிக் காற்றுக்குப் புத்தகம் நிற்காது.

போய்வரத்தான் வேண்டும் என்றால் ரயில் சீசன் டிக்கெட் மலிவு, மாணவர்களுக்குச் சலுகையும் உண்டு. துறையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பதிவில்லாத பெட்டிதான். சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் ஏற அதற்குத் தனியாகக் கட்டணம் சேர்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். சேருவதற்கு முன் ஒரு சாதாரண வேலைநாளில் அந்த வழியைப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்விட்டு "பக்கம்தான்" என்று முடிவு செய்யாதீர்கள்.

விடுதிக்கு வருவோம். படிப்புக்கு இடம் கிடைத்தால் விடுதிக்கும் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது தனி விண்ணப்பம், தனிக் கடைசி நாள், தனிக் கட்டணம். சேர்க்கை நாளன்றே, அப்பா டீ குடிக்கப் போவதற்கு முன், விடுதி அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். காஷன் டெபாசிட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், படிப்பு முடியும்போது அந்தப் பணம் திரும்ப வரும். மெஸ் கட்டணம் பல இடங்களில் டிவைடிங் முறை, மாதச் செலவை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். விடுப்பில் போகும்போது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களைக் கழிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக விடுதி கிடைக்காவிட்டால் அரசு நலத்துறைகளின் விடுதிகள் இருக்கின்றன. 2025 முதல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம், வருமான வரம்பு உண்டு. இதற்கு அப்புறம்தான் தனியார் பேயிங் கெஸ்ட் விடுதி.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் மாதம் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் போட்டு அழுவது பாடத்துக்காக இல்லை. சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும் தின்று வளர்ந்த வாய்க்கு மெஸ் சோறு வெள்ளையாக, சன்னமாக, எதுவுமே இல்லாததுபோல் இருக்கும். மரச்சீனிக் கிழங்கு என்றால் சிரிப்பார்கள். இரண்டு மாதத்தில் பழகிவிடும். அதுவரைக்கும் ஒரு பாட்டில் ஊறுகாயும் கொஞ்சம் நேந்திரங்காய் சிப்ஸும் போதும். சிப்ஸைத் திறந்த அன்றே காலி செய்துவிடுவார்கள், நண்பர்களும் அன்றே கிடைத்துவிடுவார்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெயும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

முதல் இரண்டு வாரம்

வளாகத்தைக் காலால் நடந்து பாருங்கள். உங்கள் துறை, நிர்வாகக் கட்டடம், தேர்வுப் பிரிவு, நூலகம், மருந்தகம், வங்கி. இந்த ஆறும் எங்கே என்று தெரிந்தால் முக்கால் பயம் போய்விடும்.

அப்புறம், எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பது. வகுப்பு, வருகைப்பதிவு, விடுப்பு என்றால் உங்கள் வகுப்பு ஆலோசகரான ஆசிரியர். அவரால் முடியாதது துறைத்தலைவரிடம். ஹால் டிக்கெட், மார்க் ஷீட், மறுமதிப்பீடு என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பிரிவு. விடுதிக்கு வார்டன். உதவித்தொகைக்குத் தனியாக ஓர் எழுத்தர் இருப்பார். துறை அலுவலகத்தில் இருக்கும் உதவியாளர் அக்காவையோ அண்ணனையோ முதல் வாரமே பார்த்து வணக்கம் சொல்லி வையுங்கள், எந்தப் படிவம் எந்த மேஜையில் நிற்கும் என்று பேராசிரியர்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். துணைவேந்தரைப் படிப்பு முடிவதற்குள் ஒருமுறை மேடையில் பார்த்தால் அதிகம்.

கவுண்டருக்குப் போகும்போது அசலும் நகலும் பேனாவும் கையில் இருக்கட்டும். "நாளைக்கு வா" என்றால் "நாளைக்கு யாரைப் பார்க்கணும் சார், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். கொடுத்த மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். என் ஐந்து முறை அலைச்சலில் நான்காவது முறை வரை இதைச் செய்யவில்லை. ஐந்தாவது முறை செய்தேன், வேலை நடந்தது.

நீங்கள் இங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி எழுதித் தரும் போனபைடு சான்றிதழைச் சேர்ந்த வாரமே இரண்டு மூன்று பிரதி வாங்கி வையுங்கள். வங்கி, ரயில் சீசன், பஸ் பாஸ், கடன், உதவித்தொகை எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

ராகிங் பற்றிப் பெற்றோர் மெல்லிய குரலில் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1997இலிருந்தே இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். 1800 180 5522 என்ற இலவச எண் இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்யும். சீனியர் பெயர் கேட்பதும் ஊர் கேட்பதும் வேறு, பாடச் சொல்லி ஆடச் சொல்லி நிற்க வைப்பது வேறு. இரண்டாவது நடந்தால் அன்றே வார்டனிடமோ அந்த எண்ணிலோ சொல்லிவிடுங்கள்.

வகுப்பும் தேர்வும்

வருஷத்துக்கு இரண்டு செமஸ்டர். மார்க்கில் ஒரு பங்கு உள்மதிப்பீடு, மீதி செமஸ்டர் தேர்வு. பிளஸ் டூ மாதிரிக் கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், முதல் உள்தேர்வு ஐந்தாறு வாரத்திலேயே வந்து நிற்கும். ஒரு பாடம் போனால் அரியர், அடுத்த முறை கட்டணம் கட்டி எழுதலாம், வருஷம் வீணாகாது. ஆனால் அரியர் இருந்தால், வளாகத்துக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பல உங்களை உள்ளேயே விடாது.

வருகை 75 விழுக்காடு. குறைந்தால் மருத்துவச் சான்றும் அபராதமும், அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. இதில் குமரிக்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. ஓணம், குமரி தமிழ்நாட்டோடு இணைந்த நாளான நவம்பர் 1, டிசம்பர் 3 சவேரியார் திருவிழா எல்லாம் நமக்கு உள்ளூர் விடுமுறை. வெளியூரில் இவை பெரும்பாலும் சாதாரண வேலைநாள். கோட்டாறு தேர் பார்க்க வந்துவிட்டு "லீவுன்னு நெனச்சேன் சார்" என்றால் ஆசிரியருக்கு ஒன்றும் புரியாது.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கடினம்தான், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. புரியாததை வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தமிழில் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் தமிழிலேயே விளக்குவார்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் கிண்டி வளாகத்திலிருந்து கூப்பிடு தூரம். விடுதிச் சத்தம் தாங்காத நாட்களில் அங்கே போய் உட்காரலாம்.

தமிழிலும் ஒரு சிக்கல் வரும். "எனக்க புஸ்தகம்", "அவனுக்க பைக்கு" என்று நீங்கள் பேசினால் "நீ மலையாளியா?" என்பார்கள். முதலில் கோபம் வரும். 1956 நவம்பர் 1 கதையை எல்லாருக்கும் உட்கார வைத்துச் சொல்ல முடியாது. நான் மாற்றிப் பேசிப் பார்த்தேன், ஊருக்கு வந்தபோது பாட்டி "என்ன மக்கா, டவுண்காரன் மாதிரி பேசுக" என்றார். அப்புறம் விட்டுவிட்டேன்.

ஊருக்கு வரும் டிக்கெட்

சென்னையில் சேர்ந்தவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 23 அன்று கிளம்ப வேண்டுமென்றால் அக்டோபர் 24 காலை எட்டுக்குக் கையில் செல்போன் இருக்க வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அனந்தபுரியும் சில நிமிஷங்களில் நிரம்பிவிடும். நாகர்கோவிலில் ஜங்ஷன், டவுன் என்று இரண்டு நிலையம் உண்டு, டிக்கெட்டில் எது என்று பார்த்து அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் ஜங்ஷன் இருக்கும் கோட்டாறில் காத்துக்கொண்டு நிற்பார். மேற்கே உள்ளவர்கள் இரணியலோ குழித்துறையோ போட்டுக்கொள்ளலாம். ரயில் கிடைக்காவிட்டால் அரசு விரைவுப் பேருந்து. அது கோயம்பேட்டிலிருந்து இல்லை, கிளாம்பாக்கத்திலிருந்து. கிண்டியிலிருந்து அங்கே போய்ச் சேரவே மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.